பங்கு போடும் கடற்கரை: லமலேராவின் இன்றும் நாளையும்

பொருளியலாளர்களும் மானிடவியலாளர்களும் அடிக்கடி நடத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, யாரென்று தெரியாத இன்னொருவரோடு அதைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வார்கள். எவ்வளவு கொடுப்பது என்பது கொடுப்பவரின் முடிவு. ஆனால் வாங்குகிறவர் ‘இது போதாது’ என்று மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. உலகின் 15 சிறு சமூகங்களில் நடத்தப்பட்ட இந்தச் சோதனையின் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. பெரு நாட்டு அமேசான் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றுக்கு 26 கொடுத்திருந்தார்கள். இந்தோனேசியாவின் லெம்பாத்தா தீவிலுள்ள லமலேரா என்ற ஊரில் சராசரி 57. அங்கே ஆய்வு செய்தவர் மைக்கேல் ஆல்வார்ட். பணம் வைத்தால் சூதாட்டம்போல ஆகிவிடும் என்பதால் சிகரெட் பாக்கெட்டுகளை வைத்துச் சோதனையை நடத்தினார். ஆடியவர்களில் 63 விழுக்காட்டினர் சரிபாதி பிரித்தார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள்.

லமலேராக்காரர்கள் பிறவியிலேயே தாராளமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அது திமிங்கிலம் பிடித்து வாழும் ஊர். தனியாள் யாராலும் திமிங்கிலத்தைப் பிடிக்க முடியாது; பிடித்ததைத் தனி வீடு எதுவும் தின்று தீர்க்கவும் முடியாது. சேர்ந்து பிடிப்பதும் பிரித்துக் கொடுப்பதும் இல்லாவிட்டால் அங்கே ஊரே இல்லை. இதை ஆய்வாளர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் லமலேராவின் வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இது பின்னுக்குப் போய்விடுகிறது. திமிங்கிலத்தைக் காப்பதா, மனிதரைக் காப்பதா என்று வழக்கு இரண்டே கட்சியாகப் பிரிந்துகொள்கிறது. அந்த ஊரில் இன்று உண்மையில் ஆட்டம் கண்டிருப்பது பங்குமுறை என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

லெம்பாத்தா, கிழக்கு நூசா தெங்காரா மாகாணத்தில் ஃபுளோரஸ் தீவுக்குக் கிழக்கே உள்ள தீவு. பழைய வரைபடங்களில் லோம்ப்லென் என்றிருக்கும். 1999இல்தான் கிழக்கு ஃபுளோரஸிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. தலைநகரான லெவோலேபா வடகரையில் இருக்கிறது. லமலேரா அதற்கு நேர் எதிரே, தென்கரையில், லபலேக்காங் எரிமலையின் அடிவாரத்தில் சாவுக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிதல்ல. ஆனால் சாலை மோசமானதால் லாரியில் தொற்றிக்கொண்டு மணிக்கணக்கில் போகவேண்டிய பயணமாகவே அது நெடுங்காலம் இருந்தது. அரசுப் பதிவில் லமலேரா அ, லமலேரா ஆ என்று இரண்டு கிராமங்கள்; ஊரார் வழக்கில் மேலூர், கீழூர். இரண்டிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு உட்பட்ட மக்கள்தான். கீழூரின் கரையில் சிறு மணல் திட்டும் அதையொட்டி வரிசையாகப் படகுக் கொட்டில்களும் இருக்கின்றன. ஊரின் பொதுவாழ்வு முழுவதும் அந்த மணலில்தான் நடக்கிறது.

அங்கே திமிங்கிலம் கரைக்கு அருகே வருவதற்குக் கடலின் அமைப்புதான் காரணம். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் பெருநீரோட்டத்தின் ஒரு கிளை ஓம்பாய் நீரிணை வழியாக இந்தப் பக்கம் வருகிறது. கரையை விட்டுச் சற்றே விலகினாலும் கடலடி சடாரென்று பள்ளமாகிவிடுகிறது. ஆழத்தில் கணவாய் தேடி முக்குளிக்கும் ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு இது ஏற்ற வழித்தடம். ஆகவே மணலில் நின்றபடியே அதன் மூச்சுத் தாரையைப் பார்த்துவிட முடிகிறது. பார்த்தவர் ‘பலேயோ!’ என்று கூவினால் அந்தக் கூவல் வீட்டுக்கு வீடு தாவி ஊரெங்கும் பரவும். பள்ளிப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கரைக்கு ஓடி வருவார்கள்.

நிலம் இதற்கு நேர்மாறு. எரிமலைச் சரிவு, பாறை, குறைந்த மழை. அந்த நிலமும் அவர்களுடையதல்ல. லமலேரா மக்கள் தங்களை வந்தேறிகளாகவே சொல்லிக்கொள்கிறார்கள். முன்னோர் லெம்பாத்தாவுக்கும் பந்தார் தீவுக்கும் இடையே இருந்த லபான் பாத்தான் என்ற தீவில் வாழ்ந்ததாகவும், கடல் பொங்கி அந்தத் தீவு அழிந்தபின் படகேறி இங்கே வந்து ஒதுங்கியதாகவும் குலக்கதைகள் சொல்கின்றன. முன்பே இருந்த துஃபஓனா, லங்கோவூஜோ என்ற குலத்தாரே இன்றும் மண்ணுக்கு உடையவர்கள். ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் மலையிலிருந்து திமிங்கிலத்தை அழைக்கும் சடங்கைச் செய்கிறவர்களும் அவர்கள்தான். கரையில் இடம் கொடுத்ததற்காக, பிடிபடும் ஒவ்வொரு திமிங்கிலத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஊரின் முதல் ஒப்பந்தமே பங்கை வைத்து எழுதப்பட்டதுதான்.

இந்த வேட்டை புதிதல்ல. இந்தப் பகுதித் தீவுவாசிகள் எறியீட்டி கொண்டு திமிங்கிலம் பிடித்து எண்ணெய் எடுப்பதை 1624ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய ஆவணம் ஒன்றே குறிப்பிடுகிறது. அமெரிக்க, ஆங்கிலேயத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் திமோர் கடலுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

வேட்டைப் படகுக்குத் தேனா என்று பெயர். பத்து மீட்டரை ஒட்டிய நீளம். பலகைகளை இணைக்க இரும்பு ஆணி கிடையாது, மரமுளைகள்தான். எந்தப் பலகை எங்கே, எத்தனை நீளத்தில் வரவேண்டும் என்பது முன்னோர் வகுத்த ஒழுங்கு. அதை மாற்றுவது குற்றம். பாய், நம் தாளிப்பனைக்கு உறவான கெபாங் பனையின் ஓலையில் முடைந்தது. அணியத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையின் நுனியில் லமாஃபா நிற்பார். எறியீட்டிக்காரர் அவர். மூங்கில் கழியில் செருகிய ஈட்டியை அவர் கையால் வீசி எறிவதில்லை. ஈட்டியோடு தானே மேடையிலிருந்து பாய்ந்து, தன் முழு உடல் எடையையும் ஈட்டிமேல் இறக்குகிறார். கைவிசையால் மட்டும் அந்தத் தோலையும் கொழுப்பையும் துளைக்க முடியாது என்பதால் உருவான முறை இது. ஈட்டி பாய்ந்ததும் கயிறு ஓடும். திமிங்கிலம் படகை இழுத்துக்கொண்டு போகும். அடிபட்ட விலங்கின் வால்வீச்சில் பலகை நொறுங்குவதும், ஓடும் கயிற்றில் காலோ கையோ மாட்டிக்கொள்வதும் அங்கே வழக்கமான விபத்துகள். 1994இல் திமிங்கிலம் இழுத்துச் சென்ற படகுகளில் இருந்தவர்கள் கரையே தெரியாத கடலில் நாட்கணக்கில் தத்தளித்து, அவ்வழியே வந்த சுற்றுலாக் கப்பல் ஒன்றால் உயிர் தப்பினார்கள்.

எல்லாத் திமிங்கிலத்தையும் அவர்கள் தொடுவதில்லை. பல்லுக்குப் பதில் சல்லடை கொண்ட நீலத்திமிங்கிலம் போன்றவை விலக்கு. முன்னோரைக் காத்தது அந்த இனம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காது. வீட்டில் சண்டை இருந்தால் கடலில் ஈட்டி தவறும் என்பதும் உறுதியான நம்பிக்கை. ஏப்ரல் மாத இறுதியில் படகுக் குலத்தார் மணலில் கூடி, கடந்த ஆண்டின் மனக்கசப்புகளையெல்லாம் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அதன்பின் கடலில் இறந்தவர்களுக்காகத் திருப்பலி. மே முதல் நாள் பருவத் தொடக்கத் திருப்பலி. அக்டோபர் வரை ‘லெஃபா’ எனும் பெருங்கடல் பருவம். ஆண்டுக்கு இருபது திமிங்கிலம் என்பது தோராயக் கணக்கு. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆண்டும் உண்டு, ஒன்றிரண்டோடு முடிந்த ஆண்டும் உண்டு. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கே பங்குமுறை வேண்டியிருந்தது.

ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் கரைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்குமுன் உடல்மேல் கோடுகள் வகுக்கப்படுகின்றன. எந்தக் கோட்டுக்குள் விழும் சதை யாருக்கு என்பது மரபாக வந்த கணக்கு. அன்றன்று பேரம் பேசுவதற்கு அதில் இடமில்லை. கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு தொகுதி. படகில் உரிமை பெற்ற குலவீடுகளுக்கு ஒரு தொகுதி. அந்த உரிமை பரம்பரையாக வருவது, படகைப் பராமரிக்கும் கடமையோடு சேர்ந்தது. ஈட்டிமுனை அடித்த கொல்லருக்கும் படகு கட்டிய தச்சருக்கும் பாய்க்கு உரியவருக்கும் பங்கு உண்டு. மண்ணுக்குடைய குலத்தாருக்குத் தலையில் ஒரு பகுதி. அன்று கடலுக்கே போகாதவர், நோயில் கிடப்பவர், முதியவர் ஆகியோரின் வீட்டுக்கும் ஏதாவது ஒரு கோட்டின் வழியாகச் சதை போய்ச் சேருகிறது. இந்த முதல் பிரிப்பு முடிந்ததும் இரண்டாவது பிரிப்பு தொடங்கும். பங்கு பெற்ற வீட்டிலிருந்து பெண்கள் கூடையோடு கிளம்பி உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். ஆண் இல்லாத வீடும் கைம்பெண் வீடும் இந்த இரண்டாவது சுற்றில் விட்டுப்போவதில்லை. டேவிட் நோலின் என்ற ஆய்வாளர் ஊரின் 300க்கு மேற்பட்ட வீடுகளில் யார் யாருக்கு உணவு போகிறது என்று வலைப்பின்னலாக வரைந்து பார்த்தார். உறவும், வீடுகளுக்கிடையிலான நெருக்கமும், திரும்பக் கொடுக்கும் பழக்கமுமே அந்தப் பின்னலின் இழைகள் என்பது அவர் கண்டது. மரபுக்கோடு முதல் பங்கைப் பிரிக்கிறது. உறவு இரண்டாம் பங்கைப் பிரிக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஊருக்கு ஓய்வூதியம், காப்பீடு, ரேஷன் கடை எல்லாம்.

சதையைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, வீட்டு முன் மூங்கில் கழிகளில் வெயிலில் காயப்போடுவார்கள். சொட்டும் எண்ணெயைச் சேர்த்து விளக்குக்கும் சமையலுக்கும் எடுத்துக்கொள்வார்கள். காய்ந்த சதைதான் ஊரின் நாணயம். லமலேராவில் மக்காச்சோளம் விளையாது, மலையூர்களில் மீன் கிடையாது. ஆகவே பெண்கள் தலைச்சுமையோடு மலைப்பாதை ஏறி உள்ளூர்களுக்குப் போய் மாற்றிவருவார்கள். இது தவிர, அருகிலுள்ள வூலாண்டோனியில் சனிக்கிழமை தோறும் சந்தை. ஒருபுறம் மலையூர்ப் பெண்கள் சோளம், வாழைப்பழம், மரவள்ளி, வெற்றிலைக்காய், பாக்கு ஆகியவற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். மறுபுறம் கடற்கரைப் பெண்கள் காய்ந்த மீன், திமிங்கிலச் சதை, உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு. சந்தைப் பொறுப்பாளர் ஒவ்வொருவரிடமும் பொருளாகவே வரி வாங்கிக்கொண்டு விசில் ஊதுவார். ஊதும்வரை கை மாறக் கூடாது. ஊதியதும் இரு பக்கமும் கலந்துவிடும். எண்ணுவது ஆறு ஆறாக. ஓர் ஆறுக்கு ‘மூங்கா’ என்று பெயர். 1989இல் ஆர்.எச். பார்ன்ஸ், ரூத் பார்ன்ஸ் தம்பதியர் எழுதிய கட்டுரையின்படி, காய்ந்த மீனின் ஒரு துண்டுக்கு இரண்டு மூங்கா, அதாவது பன்னிரண்டு கதிர் சோளம். அல்லது பன்னிரண்டு வாழைப்பழம். அல்லது பன்னிரண்டு துண்டுக் கரும்பு.

இந்த விகிதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரூபியாவின் மதிப்பு சரிந்தாலும் ஏறினாலும் பன்னிரண்டு கதிர் பன்னிரண்டு கதிர்தான். நகரச் சந்தையின் விலையேற்றம் நேரே வந்து தாக்காதபடி கடற்கரையும் மலையும் தமக்குள் கட்டிக்கொண்ட ஏற்பாடு அது. பண்டமாற்றைப் பின்தங்கிய பழக்கமாகவோ சுற்றுலாக் காட்சியாகவோ பார்க்கிறவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள். லமலேராவின் திமிங்கிலத்தை நம்பி வாழ்பவர்கள் லமலேராவில் மட்டும் இல்லை. மலைச்சரிவில் சோளம் விதைக்கும் ஊர்களின் புரதமும் அதே கரையிலிருந்துதான் போயிருக்கிறது.

வெளியுலகம் எட்டாத ஊர் என்றும் இதை நினைத்துவிடக் கூடாது. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசம் யானைத் தந்தம். யானையே இல்லாத தீவில், பல தலைமுறைக்கு முன் கடல் வணிகத்தில் வந்த தந்தங்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெண் வீட்டார் பதிலுக்குத் தருவது கையால் நூற்று, அவுரியிலும் நுணாவேரிலும் சாயமேற்றி, நூலைக் கட்டி முடிந்து நெய்யும் சேலைத்துணி. அவற்றுள் உயர்ந்தவற்றின் அமைப்பில் குஜராத்தின் பட்டோலாத் துணியின் சாயல் இருப்பதை ரூத் பார்ன்ஸ் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். 1886இல் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. 1920இல் வந்த ஜெர்மன் பாதிரியார் போடே காலத்தில் ஊர் முழுதும் கத்தோலிக்கமாயிற்று, பள்ளியும் வந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்கு முன்பே லமலேரா எழுத்தறிவு பெற்றுவிட்டது. இந்தோனேசியப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த மொழிப் பாடநூல்களை எழுதிய மொழியியலாளர் கோரிஸ் கெராஃப் இந்த ஊர்க்காரர். தன் ஊர்ப் பேச்சுமொழியின் சொல்லமைப்பையும் ஆராய்ந்து எழுதினார். 1999 முதல் 2001 வரை இந்தோனேசியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் லமலேராவில் பிறந்தவர்தான். திமிங்கிலச் சதையின் பங்கில் வளர்ந்த ஊர் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரைத் தந்திருக்கிறது. எனவே இந்த மக்களுக்கு இயற்கைப் பாதுகாப்பு என்றால் என்னவென்று வெளியார் வந்து வகுப்பெடுக்க வேண்டும் என்ற தொனி எனக்கு ஏற்பில்லை.

இனி மாற்றங்களுக்கு வருவோம். 1970களில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒரு முயற்சி செய்தது. நார்வேக்காரர் ஒருவர் தலைமையில் திமிங்கில வேட்டைக் கப்பலை அனுப்பி, வேட்டையை நவீனமாக்கப் பார்த்தது. திமிங்கிலங்கள் பிடிபட்டன, ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. படகுக் குலத்தின் பலகையும் பாயும் கடமையும் இல்லாமல் வந்த சதைக்கு, மரபுக்கோட்டில் யாருடைய பங்கு எது என்று சொல்லவே முடியாதல்லவா?

கப்பல் மாற்றாததைச் சிறு மோட்டார் மாற்றியது. வெளிப்புற மோட்டார் பொருத்திய படகுக்கு ஊரில் ‘ஜோன்சோன்’ என்று பெயர். ஜான்சன் என்ற மோட்டார் நிறுவனப் பெயரின் உள்ளூர் வடிவம். மூத்தோர் எளிதில் இணங்கவில்லை. ஆனால் துடுப்பு வலித்துத் தொடுவானம் வரை போய் வெறுங்கையோடு திரும்பிய இளைஞர்களுக்கு மோட்டாரின் பயன் கண்கூடு. 2000க்குப்பின் அது பரவியது. இப்போது ‘பலேயோ’ கூவல் எழுந்தால் ஜோன்சோன் தேனாவைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. திமிங்கிலத்தை நெருங்கியதும் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். லமாஃபா தேனாவிலிருந்தே பாய்கிறார். பழமைக்கும் புதுமைக்கும் இடையே ஊர் கண்டுகொண்ட சமரசம் இது, நல்ல சமரசம் என்றே நினைக்கிறேன். உயிராபத்து குறைகிறது, மரபுப் பங்கும் கெடுவதில்லை.

மற்ற நாட்களில் கதை வேறு. ஜோன்சோனுக்கு நான்கைந்து பேர் போதும். திருக்கையும் ஓங்கலும் சுறாவும் அதிலேயே பிடிக்கலாம். அதில் தச்சருக்கும் பாய்க்காரருக்கும் இருந்த இடம் சுருங்கிவிடுகிறது. எரிபொருள் வாங்கிய கைக்கு இடம் பெருகுகிறது. இரவில் விரிக்கும் செவுள்வலை வந்தபின் இன்னும் தெளிவு: வலை யாருடையதோ மீனும் அவருடையது. பறக்கும் மீனும் சூரையும் வீட்டுக் கணக்கில் சேரும், ஊர்க்கணக்கில் சேராது. வலை தவறு என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைக் கூப்பாங் நகரிலோ ஜாவாவிலோ படிக்க அனுப்பியவருக்குக் கல்லூரிக் கட்டணத்தைக் காய்ந்த சதையில் கட்ட முடியாது. பணம் வேண்டும், பணத்துக்கு வலை வேண்டும். ஆனால் வலையில் வரும் மீனுக்கு முன்னோர் கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. கோடில்லாத மீன் கைம்பெண் வீட்டுக்குப் போவது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அங்கே உரிமை கருணையாக மாறிவிடுகிறது.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. சோலோர் தீவின் லமகேரா, முஸ்லிம் ஊர். அதுவும் மரபான எறியீட்டி வேட்டை ஊர்தான். கொம்புத் திருக்கையின் செவுள் தட்டுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் விலை ஏறியபோது மோட்டார் படகுகள் பெருகின. 2000களின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் ஆயிரத்து ஐந்நூறு திருக்கைகள் வரை பிடிபட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கொம்புத் திருக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த பத்தாண்டுகளில், படகுகள் முன்பைவிட அதிக தூரம் போயும் கிடைப்பது பெரிதும் குறைந்துவிட்டது. தன் ஊருக்கும் மலைக்கும் பிடிக்கும்வரை கடல் தாங்கியது. தொலைதூரச் சந்தைக்குப் பிடித்தபோது தாங்கவில்லை. 2014இல் இந்தோனேசியா கொம்புத் திருக்கையை நாடெங்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. அந்த முடிவு சரியானது. லமலேராவில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. செவுள் வணிகத்துக்காகக் கைதுகளும் நடந்தன. மரபு என்ற சொல்லைச் செவுள் ஏற்றுமதிக்குக் கவசமாக்க முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருக்கைச் சதையைக் காயவைத்துச் சோளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த பெண்ணையும் செவுள் வாங்கும் தரகரையும் ஒரே சட்டத்தால் ஒரே குற்றவாளியாக்குவதும் நியாயமாகாது.

திமிங்கிலத்தின் கணக்கு வேறு. இருபதாம் நூற்றாண்டில் தொழில்முறைக் கப்பல்கள் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் மட்டும் ஏழரை இலட்சத்துக்கு மேல். அந்த இனம் இன்று அழிவாபத்துப் பட்டியலில் இருப்பது அதனால்தான். ஆண்டுக்கு இருபது பிடிக்கும் ஓலைப்பாய்ப் படகால் அல்ல. சர்வதேசத் திமிங்கில ஆணையம் தொழில்முறை வேட்டைக்குத் தடை முடிவெடுத்தது 1982இல். இந்தோனேசியா அதில் உறுப்பினரல்ல. உள்நாட்டுச் சட்டப்படி திமிங்கிலங்கள் பாதுகாக்கப்பட்டவை, லமலேராவின் வேட்டையோ நடைமுறையில் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. 2009இல் சாவுக் கடல் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டபோது லமலேரா மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் விளைவாக லெம்பாத்தாவைச் சுற்றிய கடல் பூங்காவின் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. 2014இல் உறுதியான பூங்கா 33 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்தது. இந்தக் கரை அதில் இல்லை. எதிர்ப்பு வென்றது. ஆனால் எல்லைக்கு வெளியே நிற்பது பாதுகாப்பாகாது. எழுதப்பட்ட உரிமை எதுவும் இல்லாமல், அதிகாரிகளின் பொறுமையில் ஓர் ஊர் நின்றுகொண்டிருக்கிறது.

மாற்றுத் தொழில் என்று சொல்லப்படுபவை திமிங்கிலம் காட்டும் சுற்றுலா, நெசவு, சூரை மீன்பிடி. நெசவுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கைநூலிலும் இயற்கைச் சாயத்திலும் ஒரு துணி முடிய மாதங்கள் ஆகும். அதற்குரிய விலை கிடைக்கும் வழி திறந்தால் வருமானம் பெண்கள் கைக்கே வரும். சுற்றுலாவை நான் அவ்வளவு நம்பவில்லை. வருகிறவர்களில் பலர் வேட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்; வேட்டை நின்றால் அவர்கள் இங்கே வரக் காரணமும் போய்விடும். 2020 நவம்பரில் தீவின் வடபகுதியிலுள்ள லெவோதோலோக் எரிமலை வெடித்தது. 2021 ஏப்ரலில் செரோஜா புயல் அதே வடபகுதியில் சேற்றுவெள்ளத்தைக் கொண்டுவந்து பல உயிர்களைப் பறித்தது. இப்படிப்பட்ட தீவில் விருந்தினர் வருகையை நம்பி வீட்டுக் கணக்குப் போடுவது கடினம். ஊரின் உண்மையான ஏற்றுமதி பல தலைமுறையாக அதன் பிள்ளைகள்தான்: பாதிரியார்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள். லெம்பாத்தாவின் பிற ஊர்களிலிருந்து கூலிவேலை தேடி மலேசியாவின் சபா மாநிலத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். போனவர்கள் அனுப்பும் பணம் ஊரைத் தாங்குகிறது. தேனாவில் துடுப்பு வலிக்க ஆள் குறைவதும் இப்படி ஆட்கள் வெளியேறுவதால்தான். படகைக் கட்டிப் பராமரிக்கும் கடமை நிறைவேறாவிட்டால் அந்தக் குலத்தின் பங்குரிமை பேச்சளவில்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இந்த ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘திமிங்கிலத்துக்குப் பதில் எத்தனை ரூபியா?’ என்பதல்ல. ஈடாகப் பணம் கொடுத்தால் அது படகு உரிமையாளர் கையில் தங்கும்; கொல்லருக்கும் மண்ணுக்குடையவருக்கும் மலையூர்க்காரிக்கும் அதில் கோடில்லை. தேனாவில் பிடிப்பது, சதையைத் தீவுக்கு வெளியே விற்காதது, மரபுக்கோட்டில் பிரிப்பது என்ற மூன்றும் இருக்கும்வரை ஸ்பெர்ம் திமிங்கில வேட்டைக்கு எழுத்துபூர்வமான, எண்ணிக்கை வரம்புள்ள அனுமதி கொடுப்பதில் தவறில்லை. கொம்புத் திருக்கைக்கு விலக்கு கூடாது. செவுள்வலைக்கும் ஜோன்சோனுக்கும் பங்குக்கோடு வகுப்பது ஏப்ரல் மாத மணல் கூட்டத்தின் வேலை. ஜகார்த்தாவிலிருந்து அதை எழுதி அனுப்ப முடியாது. அரசு செய்யக்கூடியது, அந்தக் கூட்டத்தின் முடிவைச் சட்டம் மதிக்கும்படி செய்வது.

இதற்கு முதலில் ஒரு தகவல் தேவை. கணக்கெடுப்பவர்கள் எத்தனை திமிங்கிலம், எத்தனை திருக்கை என்று கரையில் எண்ணுகிறார்கள். எத்தனை வீட்டுக்குப் பங்கு போயிற்று என்பதை எண்ணுவதில்லை. வீடு வீடாக நோலின் வரைந்த உணவுப் பின்னல் மோட்டார் பரவத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. அதே வீடுகளில் அதே கணக்கை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்தால், இந்த இடைவெளியில் எந்த வீடுகளுக்குச் சதை போவது நின்றிருக்கிறது என்று பெயரோடு தெரிந்துவிடும். எல்லைக்கோடு வரையும் அதிகாரிகளும் நிதி கொண்டுவரும் பாதுகாப்பு அமைப்புகளும் லமலேராவுக்குப் போகுமுன் கையில் வைத்திருக்க வேண்டியது அந்த வீட்டுப் பட்டியல்.